ஆனைமலையில் ஒரு பறவை, மதரஸா முற்றத்தில் ஒரு காளான்

ரமலான் விடுமுறைக்குப் பின் ஷவ்வாலில் பாடங்கள் மீண்டும் தொடங்குவதற்கு முன்பாக, மதரஸா ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சில ஓய்வு நாட்கள் வாய்ப்பதுண்டு. 2024 ஏப்ரலில் அப்படிக் கிடைத்த நாட்களில்தான், வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் என் மைத்துனர் பல ஆண்டுகளாக விடுத்துவந்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்டேன். இல்லாளும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மகளும் உடன் வந்தனர்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பொள்ளாச்சியில் பேருந்து ஏறினோம். கோட்டூரைக் கடக்கும் வரை இருபுறமும் தென்னந்தோப்புகள். ஆழியாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியில் சற்று நின்று, மலை ஏறத் தொடங்கியது வண்டி. ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். இல்லாள் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே கண்களை மூடியிருந்தாள். ஒன்பதாம் வளைவில் பாறை விளிம்பில் நின்ற வரையாட்டை அவள் பார்க்கத் தவறியது இப்படித்தான். அந்த வருத்தத்தை ஊர் திரும்பும் வரை அவள் மறக்கவில்லை.

வால்பாறை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இங்கே காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிரிடத் தொடங்கினார்கள். இன்று கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சீப்பால் வாரியதைப் போன்ற தேயிலைச் சரிவுகள். அவற்றின் நடுவே வெட்டப்படாமல் எஞ்சிய சோலைத் துண்டுகள். சுற்றிலும் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அழகான ஊர்தான். ஆயினும் அந்தப் பச்சைக்குக் கீழே எத்தனை பெருமரங்கள் கிடந்திருக்கும் என்ற நினைவு, ஏனோ எனக்கு வந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் காலை மைத்துனர், வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற காடர் இனப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். காடர்கள் ஆனைமலையின் தொல்குடிகள். மைத்துனர் அவரை "மூப்பரே" என்றே விளித்தார். நானும் அவ்வாறே அழைத்தேன்.

"இருவாச்சி பாக்கணும்னா இதுதான் சமயம். ஆனா கூட்டுக்கிட்டப் போகக் கூடாது. நான் நிக்கச் சொல்ற எடத்துல நிக்கணும், பேசக் கூடாது. சம்மதமா ஐயா?" என்றார் பெரியவர். சம்மதித்தோம்.

சோலையின் ஓரத்தில் ஒரு பாறையின் பின்னால் அமர்ந்தோம். நெடுநேரம் ஒன்றுமில்லை, அட்டைகள்தான் கால்களைத் தேடி வந்தன. பிறகு, தொலைவிலிருந்து நீராவி எஞ்சின் மூச்சு விடுவதைப் போன்ற ஓசை கேட்டது. மகள் என் தோளைப் பற்றினாள். அது சிறகின் ஓசை! இருவாட்சியின் சிறகிறகுகளின் அடிப்பகுதியில் மற்றப் பறவைகளுக்கு இருப்பதைப் போன்ற மூடிறகுகள் இல்லை. காற்று அவற்றினூடே சீறிச் செல்வதால் இந்த ஓசை எழுகிறது. மலையாளிகள் இப்பறவையை 'மலைமுழக்கி' என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம் என்று அப்போது உணர்ந்தேன்.

பெரிய இருவாட்சி மூன்று அடிக்கு மேல் நீளமுள்ளது. விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ ஐந்து அடி. வளைந்த மஞ்சள் அலகின் மீது இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு கொண்டை. கனமானதுபோல் தோன்றும் அந்தக் கொண்டையின் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடம்தான். ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெண்மை. கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுவே மாநிலப் பறவை. 2018 முதல் உலகளவில் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது.

வந்தது ஆண் பறவை. நெடிதுயர்ந்த ஒரு மரத்தின் தண்டில் தொற்றி அமர்ந்தது. மூப்பர் பைனாகுலரை என்னிடம் நீட்டினார். மரத்தில் ஒரு பொந்து. அதன் வாய் முழுவதும் காய்ந்த சேறு போன்ற பூச்சால் அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் செங்குத்தாக ஓர் இடுக்கு மட்டும். ஆண் பறவை தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து அந்த இடுக்கில் நீட்டியது. உள்ளிருந்து இன்னோர் அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. மீண்டும் ஒரு பழம், மீண்டும் ஒன்று. முப்பது வரை எண்ணிவிட்டு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பறவையைப் பற்றிப் பல ஆண்டுகளாக நான் மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஆண் பறவை தன் துணையைப் பொந்துக்குள் வைத்து அடைத்துவிட்டு, அவளுக்கு உணவு கொண்டுவந்து ஊட்டுகிறது. குடும்பத் தலைவனின் கடமைக்கு இது சான்று என்பது என் பாடம். எங்கோ படித்ததை அப்படியே சொல்லி வந்தேன். அன்று பைனாகுலரை வாங்கிப் பார்த்த என் இல்லாள் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, உள்ளே இருக்கறவளுக்கு வெளியே வர வழி இருக்கா?"

எனக்கு விடை தெரியவில்லை. மூப்பர் சிரித்தார். "அவன் எங்கம்மா அடைக்கறான்? அடைக்கறதே அவதான். உள்ள போயி, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் வெச்சு அவளே பூசிக்குவா. வரணும்னு தோணுனா அவளே கொத்தி ஒடச்சிட்டு வருவா. சாவி அவ மூக்குலதான் இருக்கு."

பின்னர் படித்துப் பார்த்ததில் மூப்பர் சொன்னதே சரி என்று அறிந்தேன். 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் என்னும் ஆய்வாளர் இதே ஆனைமலையில் காடர்களின் துணையோடு இப்பறவையின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் உள்ளே செல்லும் பெண் பறவை, ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு ஏறத்தாழ 40 நாட்கள் அடைகாக்கிறது. குஞ்சு வளர்ந்து வெளிவரும் வரை கணக்கிட்டால், கூட்டின் காலம் மொத்தம் நான்கு மாதமளவு. அத்தி பழுக்கும் பருவமும், மழைக்கு முன் குஞ்சு பறக்கும் பருவமும் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்திருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

அப்போது மகள் சொன்ன ஒரு சொல்தான் இக்கட்டுரைக்கே காரணம். பொந்தின் வாயில் இருந்த பூச்சைப் பார்த்துவிட்டு, "அத்தா, இது நம்ம மதரஸா புத்து மாதிரியே இருக்கு" என்றாள். நிறமும் சொரசொரப்பும் அப்படியேதான் இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று குத்தியது.

எங்கள் மதரஸாவின் பின்முற்றத்தில், புளியமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. ஐப்பசியில் இடியும் மழையுமாக இரண்டு நாட்கள் கழிந்தால், அதைச் சுற்றி வெண்குடைகள் எழும். புற்றுக்காளான். நடுவில் கூம்பிய முனை, உறுதியான தண்டு. பிடுங்கினால் கீழே வேர் போன்ற ஒரு வால் முழ நீளத்துக்கு வந்துகொண்டேயிருக்கும். சமையற்கார அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் அரைத்து ஆணம் வைப்பார். அன்று விடுதி மாணவர்கள் எவரும் வீட்டை நினைத்து அழுவதில்லை.

இந்தக் காளானைப் பற்றி நான் அறிந்திருந்தது, இடி இடித்தால் முளைக்கும் என்பது மட்டும். பாலைவன அரபுகளும் தம் நிலத்தடிக் காளானை இடியின் பெண்மக்கள் என்று அழைத்ததுண்டு. ஹதீஸ் நூல்களில் 'கம்ஆ' எனக் குறிக்கப்பட்டு, 'மன்னு' வகையைச் சேர்ந்ததென்று சிறப்பிக்கப்படுவது அந்தக் காளான்தான். பாடத்தில் அதை விளக்கும்போது எங்கள் புற்றுக்காளானை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுவேன். இரண்டும் வெவ்வேறு இனம் என்றாலும், விதைக்காமல் விளைவது என்பதில் ஒற்றுமை உண்டல்லவா?

விதைக்காமல் விளைவது என்றேன். அதுவும் பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டே என் மகள் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தாள். அவளுடைய பாட நூல்களையும் அவளுடைய பேராசிரியர் சொன்னவற்றையும் கொண்டு நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

நாம் பறித்து உண்ணும் குடை காளானின் கனி மட்டுமே. அதன் உண்மையான உடல் புற்றுக்குள் இருளில் இழையிழையாக இருக்கிறது. கறையான்கள் உலர்ந்த மரத்தையும் சருகையும் மென்று கொண்டுவந்து, பஞ்சு போன்ற அடைகளாகக் கட்டுகின்றன. அந்த அடையில்தான் பூஞ்சை வளர்கிறது. கறையானால் செரிக்க இயலாத கடின மரச்சத்தைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கிறது. பூஞ்சையில் தோன்றும் வெண்ணிறச் சிறு மணிகளையும், பழுத்த அடைகளையும் கறையான் உண்கிறது. வெப்பமும் ஈரமும் பெரிதும் மாறாதவாறு புற்றுக்குள் காத்து, களைப் பூஞ்சைகள் வராமல் பார்த்துக்கொள்வதும் கறையான்களே. இந்தக் கூட்டு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மனிதன் உழவு கற்றுப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்கூட ஆகியிருக்குமா என்பது ஐயமே.

இக்காளான்களின் பேரினத்துக்கு 1942இல் 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயரிட்டவர் ரோஜர் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர். நம் தென்னிந்தியப் புற்றுக்காளான் இனமொன்றை 1979இல் உலகுக்கு விவரித்த சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் நடராஜன், அவர் நினைவாகவே அதற்கு 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமி' என்று பெயர் சூட்டினார். சிப்பிக் காளானையும் பட்டன் காளானையும் கொட்டகை போட்டு வளர்த்து விற்கிறார்கள். புற்றுக்காளானை அப்படி வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர இயலவில்லை. கறையான் இல்லாமல் அது குடை விரிப்பதில்லை.

பறவை எங்கே, பூஞ்சை எங்கே என்று தோன்றலாம். மரபணு ஆய்வின்படி, பூஞ்சைக்குச் செடியைவிட விலங்கினமே நெருங்கிய உறவு என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. நூலைக் காட்டிய பிறகே நம்பினேன். ஆனால் என் மனத்தில் நின்ற ஒற்றுமை வேறு. இரண்டும் சுவருக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் உணவு வெளியிலிருந்து வருகிறது. கொண்டுவருபவர் நின்றுவிட்டால் உள்ளிருப்பவரின் நிலை கவலைக்கிடம். அதைப் போலவே, இரண்டும் பெற்றதைத் திருப்பித் தருகின்றன. இருவாட்சி உண்ட பழங்களின் விதைகள் காடெங்கும் விழுந்து முளைக்கின்றன. காளானின் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளைப் புதிய புற்றின் கறையான்கள் பொறுக்கிச் சென்று தம் அடைகளில் சேர்க்கின்றன. அதாவது, விதைக்கப்படாமல் அது விளையவில்லை. விதைத்தவன் நானல்லன், அவ்வளவே.

வேற்றுமையும் பெரிது. பெண் இருவாட்சி தானே கதவடைத்துக்கொண்டவள். உடைத்து வரும் அலகும் சிறகும் அவளுக்கு உண்டு. ஓராண்டு கூடு தவறினாலும் மறு ஆண்டு அந்த இணை மீண்டும் முயலலாம். பூஞ்சைக்கு அந்த வாய்ப்பில்லை. கறையான் குடியிருப்பு அழிந்தால் அடையில் வேறு பூஞ்சைகள் பரவி அதை மூடிவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருவாட்சிக்கு மரத்தைக் குடைய வராது. அதற்கு முன்பே ஆன பொந்து வேண்டும். முதிய மரத்தின் கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்து உள்வைரத்தை மெல்ல மெல்ல அழுகச் செய்வதால்தான் அத்தகைய பொந்து உருவாகிறது. ஆக, அந்தப் பறவையின் வீட்டைக் கட்டியதிலும் பெயர் தெரியாத ஒரு பூஞ்சைக்குப் பங்கு உண்டு. நாம் 'பட்டுப்போன மரம்' என்று கோடரியைத் தேடுகிறோம். அதையும் மூப்பர் அன்று சொன்னார்: "நல்ல மரத்தையும் வெட்டுனாங்க. கெட்ட மரம்னு சொல்லியும் வெட்டுனாங்க. அது எங்க போயி முட்டை வைக்கும்?" தம் முன்னோர் இருவாட்சிக் குஞ்சுகளை எடுத்துத் தின்றதுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. இன்று கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் மக்களே கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள்.

நான் மறைத்து வைத்திருந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

2020இலும் 2021இலும் கொரோனாவால் மதரஸா மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது கிதாபு அறையின் மரப் பீரோக்கள் இரண்டில் கறையான் ஏறியிருந்தது. அரபுத்தமிழில் அச்சான பழைய நூல்கள், எனக்கு முன் அங்கே ஓதிக்கொடுத்த உஸ்தாத் தம் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் எல்லாம் தொட்டால் உதிரும் மண்ணாகிவிட்டன. அந்த உஸ்தாத் எனக்கும் உஸ்தாத். அன்று என் கைகள் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நிர்வாகக் குழுவினர் என்ன செய்யலாம் என்று கேட்டபோது, புளியமரத்தடிப் புற்றைக் காட்டி, "அதற்குள் கறையான் மருந்தை ஊற்றிவிடுங்கள்" என்று சொன்னவன் நான்தான். வேறு எவரும் அதை நினைத்திருக்கவில்லை. மேலே குழிதோண்டி, குடம் குடமாக ஊற்றினார்கள்.

அந்த ஐப்பசியில் குடைகள் எழவில்லை. மாறாகப் புற்றின் மேல் கருங்குச்சிகள் போல ஏதோ முளைத்தன. மாணவர்கள் அவற்றைப் பிடுங்கி விளையாடினார்கள். கைவிடப்பட்ட கறையான் அடைகளில் வளரும் வேறொரு பூஞ்சை அது என்பதைப் பேராசிரியர் விளக்கிய நாளில்தான் அறிந்தேன். புற்றுக்காளான் இருந்த இடத்தில் அதற்குப் பின் வந்தது அது. சமையற்கார அம்மா ஆண்டுதோறும் மழைக்குப் பின் ஒருமுறை புளியமரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இந்த வருசமும் வரலீங்க ஹஜ்ரத்" என்பார். நானும் "மழை போதவில்லை போலும்" என்று சொல்லிவந்தேன்.

கிதாபுகளைத் தின்றது அந்தப் புற்றின் கறையான்தானா என்பதைக்கூட எவரும் ஆராயவில்லை. அது தின்றிருக்கவும் கூடும். அவ்வகைக் கறையான் காகிதத்தையும் விட்டுவைப்பதில்லை. உஸ்தாதின் குறிப்பேடுகளா, மாணவர்களின் ஆணமா என்று இன்று என்னைக் கேட்டால் குறிப்பேடுகள் என்றே சொல்வேன். ஆனால் மருந்தை ஊற்றியதால் குறிப்பேடுகள் திரும்பி வரவில்லை. சுவரோடு ஒட்டி வைத்த மரப் பீரோவை அப்புறப்படுத்தியிருந்தால் அவை முதலிலேயே தப்பியிருக்கும்.

வால்பாறையிலிருந்து திரும்பிய சில வாரங்களில் குழுக் கூட்டம் நடந்தது. மதில் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வேறொரு புற்று எழும்பியிருப்பதாகவும், அதற்கும் மருந்து ஊற்ற வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முன்பு யோசனை சொன்னவன் நானல்லவா? இம்முறை நான் இரும்பு அலமாரிகள் கேட்டேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே எண்ணெய்க் கிண்ணம் வைத்து, மாதம் ஒருமுறை கிதாபுகளை வெயிலில் உலர்த்தும் பொறுப்பை நானே ஏற்கிறேன் என்றேன். செலவைக் குறித்து வாதம் நடந்தது. ஓராண்டு பார்ப்போம் என்று முடிவாயிற்று. பழைய வகுப்பில் நான் சொன்ன இருவாட்சிப் பாடத்தையும் மாணவர்கள் முன் திருத்திச் சொன்னேன். ஒரு சிறுவன், "அப்ப ஆண் பறவைக்கு என்ன வேலைங்க ஹஜ்ரத்?" என்றான். முப்பது பழம் வரை எண்ணியதைச் சொன்னேன்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. இரண்டாம் நாள் மாலை மதில் ஓரத்துப் புற்றின் அடியில் ஏழு மொட்டுகள் தலை நீட்டியிருந்தன. மாணவர்களை அழைத்து, "மூன்றைப் பறித்துக்கொள்ளுங்கள், நான்கை விட்டுவிடுங்கள், வித்துத்தூள் உதிரட்டும்" என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஃபஜ்ருக்கு வந்தபோது ஒன்றுகூட இல்லை. எவன் பறித்தான் என்பதை இன்று வரை ஒருவனும் சொல்லவில்லை. மதியம் சமையற்கார அம்மா என் தட்டில் இரண்டு துண்டுகளைக் கூடுதலாகவே வைத்தார். ஆணம் நன்றாகத்தான் இருந்தது.